புத்தலப்பட்டுத் துண்டு

சித்தூர்
2 செப்டம்பர் 2024

அன்புள்ள லோயிஸ் அக்காவுக்கு,

தம்பி பென்னி எழுதுவது. ஆண்டவர் தயவில் கேசியாவும் நானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் முட்டிவலி எப்படி? இயேசுதாசன் மாமாவுக்குச் சர்க்கரை இறங்கியதா?

எழுபது கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறானே என்று நினைப்பாய். புத்தலப்பட்டில் என் பஸ் மோதிய அந்த விபத்துக்குப் பிறகு போன் மணி அடித்தாலே எனக்குக் கை உதறுகிறது. போனைக் கேசியாவிடமே கொடுத்துவிட்டேன். டிப்போவில் சஸ்பெண்ட் செய்து இன்றோடு இருபத்தாறு நாள். ஹரிபாபு இன்னும் அதே பஸ்ஸில்தான் கண்டக்டராகப் போகிறான். திருப்பதி வரும்போது உன் கடையில் இதைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஞாயிறு பள்ளியில் வசனம் எழுதிக் கற்றுக்கொண்ட தமிழ் இது, பிழை இருந்தால் சிரிக்காதே. ஹரிபாபுவுக்கும் கேசியாவுக்கும் தெலுங்குதான் படிக்க வரும். அதனால் தைரியமாக எழுதலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் தலையணை உறை பிரிந்து பஞ்சு வெளியே வந்தது. கேசியா அங்கன்வாடி வேலைக்குப் போயிருந்தாள். சும்மா உட்கார்ந்திருக்கிறவன்தானே என்று ஊசியை எடுத்தேன். நூல் கோக்கவே அரை மணி பிடித்தது. ஆனால் தைக்கத் தொடங்கியதும் கை நடுக்கம் நின்றுவிட்டது. காபி டம்ளரைப் பிடித்தால் ஆடுகிற கை, ஊசியைப் பிடித்தால் ஆடவில்லை. இது ஏன்? டாக்டரைக் கேட்டேன், மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதனால் உன்னைக் கேட்கிறேன்.

இன்னொன்று. பாதித் தையலில் நூல் தானாக முறுக்கிக்கொண்டு முடிச்சு விழுகிறது. எதனால்?

மாமாவுக்கு என் ஸ்தோத்திரம் சொல்.

உன் தம்பி,
பென்னி

*

திருப்பதி
6 செப்டம்பர் 2024

பாசமுள்ள பென்னிக்கு,

இங்கே நாங்கள் சுகம். முட்டி அதன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு மிஷினை மிதிக்கிறேன்.

ஹரிபாபு கவரை நீட்டியதும் கோர்ட்டு நோட்டீஸோ என்று வாசலிலேயே கிழித்தேன். பிரித்தால் தலையணை உறைக் கதை! சிரித்தேன், அப்புறம் கொஞ்சம் அழவும் செய்தேன். இருபது வருஷமாக ஜாக்கெட் தைக்கிறேன், நூல் ஏன் முறுக்குகிறது என்று இதுவரை ஒருத்தி என்னைக் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். முழங்கை நீளத்துக்கு மேல் நூல் வெட்டாதே. வெட்டியதை மெழுகுவத்தியில் ஒருமுறை இழுத்துக்கொள்.

கை விஷயம் எனக்குத் தெரியவில்லை. மாமாவைக் கேட்டேன். "ரெண்டு கையும் வேலையா கீதுல்ல. நடுங்கறதுக்கு ஏது நேரம்?" என்றார். டாக்டர் சொன்னதற்கு இது ஒன்றும் குறைச்சலாகத் தெரியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. ஜெபத்தில் உன்னை மறப்பதில்லை.

லோயிஸ் அக்கா

*

சித்தூர்
20 செப்டம்பர் 2024

அன்பு அக்கா,

நலம்தான். நீயும் மாமாவும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

முழங்கை நீளம் சரிதான், ஆனால் அதுமட்டும் காரணம் இல்லை. நூல்கண்டிலிருந்து முதலில் வருகிற நுனியைக் கோத்தால் முடிச்சு குறைகிறது. வெட்டிய பக்கத்தைக் கோத்தால் கூடுகிறது. இரண்டையும் பத்துப் பத்து முறை செய்து பார்த்தேன். அப்புறம், தைக்கும்போது நம்மை அறியாமலே ஊசியை விரலுக்கு நடுவில் உருட்டுகிறோம். முறுக்கு அங்கேதான் ஏறுகிறது. நடுவில் ஊசியைத் தொங்கவிட்டால் அதுவே கிறுகிறுவென்று சுற்றி முறுக்கைப் பிரித்துக்கொள்கிறது. நீயும் ஒருமுறை செய்து பார்.

பழைய சாமான்களைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறேன். அரிசி மூட்டையின் வாயில் போட்ட மிஷின் தையலில் சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் வரிசை மொத்தமும் கையோடு வந்துவிடுகிறது. கையால் போட்ட பின் தையல் அப்படி வருவதில்லை. ஒவ்வொரு முறையும் ஊசி ஒரு தையல் பின்னால் போய்க் குத்திவிட்டுத்தான் முன்னால் வருகிறது. "இன்னிக்கி எத்தப் பிரிச்ச?" என்று கேட்டுக்கொண்டுதான் கேசியா வீட்டுக்குள்ளே வருகிறாள்.

ஒரு பெரிய காரியம் தொடங்கியிருக்கிறேன். கேசியாவின் கறுப்புப் பாவாடை ஒன்று அதற்குப் பலியானது. உன் கடையில் வெட்டிப் போட்ட துண்டுகள் இருந்தால் கொடுத்தனுப்பு. பச்சை நிறைய வேண்டும். மாந்தோப்புப் பச்சை வேறு, நெல் பச்சை வேறு, இரண்டும் வேண்டும்.

பென்னி

*

திருப்பதி
30 செப்டம்பர் 2024

என் தம்பி பென்னிக்கு,

உனக்கு உடம்பில் தெம்பு கூட வேண்டும் என்பதே என் ஆசை. ஊசியைத் தொங்கவிட்டுப் பார்த்தேன், நீ சொன்னபடியே சுற்றுகிறது! மாமாவையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஒரு பை நிறையத் துண்டு அனுப்பியிருக்கிறேன். காளஹஸ்தி கலம்காரித் துணியும் இருக்கிறது. அதில் மயிலின் தலை மட்டும்தான் உனக்கு, உடம்பு ஒரு டாக்டரம்மா முதுகில் போய்விட்டது.

உன்னைக் கேட்காமல் ஒன்று செய்துவிட்டேன், திட்டாதே. உன் பஸ்ஸில் அடிபட்ட தரணியை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். நகரிப் பக்கத்துத் தமிழ்ப் பெண், புத்தலப்பட்டு பக்கம் மாங்காய்க்கூழ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர், இருபத்தாறு வயது. இடது காலில் இரண்டு கம்பி வைத்திருக்கிறார்கள். நான் இன்னார் என்று சொன்னதுமே அவள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தரணி திட்டவில்லை, ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"உங்க தம்பி நல்லவரா கெட்டவரானு நான் கேக்கல. ஸ்கூட்டில வந்துக்கினு இருந்தேன். பஸ் எதிர்ல வருது. அவரு மூஞ்சி எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. குனிஞ்சி எத்தையோ பாத்துக்கினு இருந்தாரு. இன்னாத்தப் பாத்தாரு? அத்த மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ. படுத்துக்கினு அதையேதான் யோசிச்சிக்கினு கீறேன்."

போனாக இருக்க முடியாது என்று அடித்துச் சொன்னேன். வண்டி எடுக்கும்போது டிரைவர் போனைக் கண்டக்டர் பையில் போட்டுவிட வேண்டும், அதுதான் விதி, அன்றும் போன் தன் பையில்தான் இருந்தது என்று ஹரிபாபுவே எழுதிக் கொடுத்திருக்கிறான் என்றேன். கேட்டுக்கொண்டு, "அப்போ இன்னாத்தப் பாத்தாரு?" என்று மறுபடியும் அதையே கேட்டாள்.

எனக்கும் தெரியவில்லை. நீதான் சொல்ல வேண்டும். கேசியாவுக்கு என் அன்பு.

லோயிஸ்

*

சித்தூர்
24 அக்டோபர் 2024

அன்பு அக்கா,

உன் சுகத்துக்கு ஏங்கும் தம்பி. மழை தொடங்கிவிட்டது, மாமாவைக் குடையோடு அனுப்பு.

நீ அனுப்பிய பச்சை எல்லாம் தீர்ந்துவிட்டது. அதை வைத்துச் செய்ததைத்தான் அனுப்பியிருக்கிறேன். சித்தூர்–திருப்பதி சாலை, துணியில். பதினெட்டு வருஷம் ஓட்டிய சாலையைக் கண்ணை மூடிக்கொண்டும் தைக்கலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. எந்த வளைவு எவ்வளவு வளைகிறது என்று கேட்டால் காலும் கையும் சொல்கின்றன, மூளைக்குத் தெரியவில்லை. கண்ணை மூடி, இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்புறம் தைத்தேன். கேசியா பார்த்துவிட்டுப் பயந்துபோனாள்.

வேகத்தடைகளுக்குள் பஞ்சு வைத்திருக்கிறேன், தடவிப் பார். சந்திரகிரிக் கோட்டை உன் கலம்காரி. மயில் தலைக்கு இடம் கிடைக்காமல் காசிபெண்ட்லவில் ஒரு மரத்தில் உட்கார வைத்தேன். கடைசியில் ஏழு மலை, ஏழு மடிப்பு.

வேறு ஒன்றும் விசேஷம் இல்லை.

பென்னி

*

திருப்பதி
29 அக்டோபர் 2024

பென்னி கண்ணா,

எல்லாரும் சுகம். நீ சுகமா என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது.

சாலையைக் கட்டிலில் விரித்தோம். மாமா ஆள்காட்டி விரலை பஸ்ஸாக்கி, வேகத்தடைக்கு வேகத்தடை குதித்து, ஹாரன் கூட அடித்தார். அறுபத்திரண்டு வயசு! கடைக்கு வருகிற பெண்கள் எல்லாரும் அவரவர் ஊர் எங்கே என்று தேடினார்கள். உனக்குள்ளே இப்படி ஒரு ஆள் இருக்கிறான் என்று நாற்பத்தாறு வருஷமாக எனக்குத் தெரியாமல் போனதே.

ஆனால் சாலை இரண்டு துண்டாக இருக்கிறது. ஒன்று சித்தூரில் கிளம்பி புத்தலப்பட்டுக்கு முன்னால் நின்றுவிடுகிறது. இன்னொன்று புத்தலப்பட்டு தாண்டித்தான் தொடங்குகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தேன், சேரவில்லை. பாவாடைத் துணி தீர்ந்துவிட்டதா என்று கேட்கலாம், ஆனால் அது பொய்க் கேள்வி.

தரணியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கேயே பெரியம்மா வீட்டில் இருந்து காலுக்குப் பயிற்சி செய்கிறாள். வாரம் ஒருமுறை போகிறேன். அவள் அம்மா இப்போது நாற்காலி போடுகிறாள், பேச்சு மட்டும் இல்லை. தரணி ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள், "எழுதினாரா?" என்று. நான் இல்லை என்கிறேன்.

லோயிஸ் அக்கா

*

சித்தூர்
3 டிசம்பர் 2024

அக்கா,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நடுத் துண்டு இது. நான்கு முறை தைத்து நான்கு முறையும் பிரித்தேன். இது ஐந்தாவது. பின் தையலாகவே போட்டிருக்கிறேன். டிசம்பர் முப்பதாம் தேதி டிப்போ விசாரணை. ஜெபித்துக்கொள்.

பென்னி

*

திருப்பதி
7 டிசம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

கிறிஸ்து பிறப்பின் சந்தோஷம் உன் வீட்டுக்கும் வரட்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

புத்தலப்பட்டுத் துண்டைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேலிருந்து பார்க்கிற மாதிரி பஸ், கூரை இல்லாமல். டிரைவர் இருக்கையில் காக்கித் துணி. எதிரே சிவப்பாக ஒரு சின்னக் கோடு, அது ஸ்கூட்டி. எல்லாம் புரிகிறது. காக்கியின் மடியில் நகத்தைவிடச் சின்னதாக ஒரு நீலச் சதுரம் இருக்கிறதே, அது என்ன? கண்ணாடி போட்டு எண்ணினேன். அந்தத் துணுக்கைச் சுற்றி நாற்பது தையல். பஸ் முழுவதற்கும் நீ அவ்வளவு போடவில்லை.

உன் போனுக்கு நீல உறை வாங்கிக் கொடுத்தது நான்தான், பென்னி.

அப்படியானால் போன் ஹரிபாபுவின் பையில் இல்லை. அவன் எழுதிக் கொடுத்தது உன்னைக் காப்பாற்ற. நீ உண்மையைச் சொன்னால் உன் வேலை போகும், அவனுக்கும் வினை வரும். சொல்லாவிட்டால் அந்தப் பெண் ஆயுசுக்கும் கேட்டுக்கொண்டே இருப்பாள். நான் சரியாகப் படித்திருக்கிறேனா? நீ சொல்லாமல் தரணியிடம் இந்தத் துண்டைக் காட்ட மாட்டேன். எழுது.

கேக் அனுப்பியிருக்கிறேன், சாப்பிடுங்கள்.

லோயிஸ்

*

திருப்பதி
4 ஜனவரி 2025

பென்னி,

புது வருஷத்தில் கர்த்தர் உன்னைத் தாங்கட்டும். கிறிஸ்மஸுக்கு ஒரு வரிகூட வரவில்லை. அந்த பஸ்ஸில் இப்போது வேறு கண்டக்டர் வருகிறார், ஹரிபாபுவைக் காணோம். அதனால் தபாலில் போடுகிறேன். கேசியாவுக்குப் போன் செய்தால், "பாக உன்னாடு, வதினா" என்று மட்டும் சொல்கிறாள். நன்றாக இருக்கிறவன் ஏன் எழுதவில்லை?

ஒரு மாதமாக அந்த நீலச் சதுரம் என்னை விடவில்லை. போனை எதற்குப் பார்ப்பாய்? மணி அடித்திருக்கும். யார் கூப்பிட்டிருப்பார்கள்? இப்படி யோசித்துக்கொண்டே போன ஞாயிறு ஆராதனையில் உட்கார்ந்திருந்தேன், சபை ஐயர் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்காதே. ஆகஸ்ட் ஆறாம் தேதி காலை, கடையைத் திறந்த கையோடு நான் உன்னைக் கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. அரை மணி கழித்துக் கேசியா அழுதுகொண்டே கூப்பிட்டாள். அந்தக் கலவரத்தில் நான் கூப்பிட்டது எனக்கு மறந்தே போய்விட்டது. ஐந்து மாதம் எப்படி மறந்தது?

மூன்று நாளாக மிஷினில் உட்கார முடியவில்லை. கையால் கொக்கி தைக்கிறேன். என் கையும் நடுங்குகிறது என்பதை அப்போதுதான் பார்த்தேன். நீ சொன்னது நிஜம், ஊசி பிடித்ததும் நிற்கிறது.

நீ பார்த்தது என் பெயரைத்தானா? ஆமாம், இல்லை, ஒரு வார்த்தை போதும்.

அக்கா

*

சித்தூர்
5 ஜனவரி 2025

அன்பு அக்கா,

நாங்கள் சுகம். கேக் நன்றாக இருந்தது. எழுதாததற்கு மன்னித்துக்கொள். விசாரணையை முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

நீ படித்தது சரி. அன்று போனை ஹரிபாபுவிடம் கொடுக்க மறந்துவிட்டேன். மணி அடித்தது. எடுத்துப் பார்த்தேன். பேசவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான். தலையை நிமிர்த்தியபோது ஸ்கூட்டி முன்னால் இருந்தது.

விசாரணைக்கு முன்னால் ஹரிபாபு வீட்டுக்குப் போய், உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். "நுவ்வு மஞ்சிவாடிவி, நேனு தொங்கனா?" என்றான். நீ நல்லவன், நான் திருடனா என்று கேட்கிறான். பதினொரு வருஷம் ஒரே வண்டியில் போனோம், ஒரே கேரியரில் சாப்பிட்டோம். அவனுக்கு மெமோ கொடுத்து வேறு ரூட்டுக்கு மாற்றிவிட்டார்கள். என்னோடு பேசுவதில்லை. அது வேலை போவதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. அவனுக்கும் சேர்த்து நீ ஜெபி.

முப்பதாம் தேதி எல்லாவற்றையும் சொன்னேன். போலீசிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். யாரிடமிருந்து போன் வந்தது என்று கேட்டார்கள். லோன் வேண்டுமா என்று கூப்பிடுவார்களே, அந்த மாதிரி ஏதோ கம்பெனி என்றேன். உனக்கும் அதையேதான் எழுதுகிறேன்.

தரணியிடம் சொல்லிவிடு.

பென்னி

*

திருப்பதி
13 ஜனவரி 2025

என் பென்னிக்கு,

நீயும் கேசியாவும் நீடித்து இருக்க வேண்டும், அது போதும் எனக்கு. உன் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன. எழுபது கிலோமீட்டருக்குத் தபால்காரருக்கு நான்கு நாள் ஆகிறது. இதற்குள் என்னுடையது உன் கைக்கு வந்திருக்கும்.

கம்பெனியாம் கம்பெனி! சின்ன வயசில் அப்பாவிடம் எனக்காக அடி வாங்கினாயே, அந்தப் புத்தி இன்னும் போகவில்லை உனக்கு. ஆனால் நீ தாமதம். உன் கடிதம் வந்த அன்றே போனேன். நீ கம்பெனி என்று எழுதியதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

துணியை அவள் மடியில் விரித்தேன். வெகுநேரம் பார்த்தாள். சிவப்புக் கோட்டைத் தொட்டாள், நீலச் சதுரத்தைத் தொட்டாள். "போனு" என்றாள். ஆமாம் என்றேன். "யாரு போன் பண்ணது?" நான்தான் என்றேன். அவள் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். தரணி அடிக்கப்போகிறாள் என்றே நினைத்தேன்.

"இன்னாத்துக்குப் பண்ணீங்கோ?"

"சட்டை தைக்கறதுக்கு. ஆகஸ்ட் பன்னெண்டாந் தேதி அவன் பொறந்தநாள். காலர் அளவு கேக்கலாம்னு."

"காலரா?"

"ஆமாம்மா."

சிரித்தாள், பென்னி. சத்தம் போட்டுச் சிரித்தாள். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. நானும் அழுதேன். உள்ளே அவள் அம்மாவும் அழுதாள். கொஞ்சம் அடங்கியதும் தரணியே முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், "அந்தச் சட்டை இன்னா ஆச்சு?"

"வெட்டக்கூட இல்ல. துணி அப்படியே கீது."

"தைங்கோ. என் காலு அதுக்குத்தான போச்சு. தைக்காம மடிச்சி வெச்சீங்கோனா எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வரும்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. புத்தலப்பட்டுத் துண்டைத் திருப்பிக் கேட்டேன், தர மாட்டேன் என்று தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

அதனால் கேட்கிறேன், உன் காலர் அளவு என்ன? இந்த முறை எழுத்தில் கேட்கிறேன்.

லோயிஸ் அக்கா

*

சித்தூர்
22 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. இரண்டையும் நிறையத் தடவை படித்தேன். உன் கை இப்போது எப்படி இருக்கிறது? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று இருந்தது. மாமாவை உன் பக்கத்திலேயே இருக்கச் சொல்.

டிப்போவில் இன்னும் எழுத்தில் தரவில்லை. இனி வண்டி கிடையாது, கேரேஜில் போடுவார்கள் என்று பேச்சு. கோர்ட்டு கேஸ் தனியாக நடக்கிறது. ஹரிபாபு வீட்டுக்கு நேற்று மறுபடியும் போனேன். கதவைத் திறந்தான், உட்காரச் சொல்லவில்லை. அடுத்த வாரமும் போவேன்.

சட்டை தயாரானதும் அதைப் போட்டுக்கொண்டு திருப்பதி வருகிறேன். பஸ்ஸில் டிக்கெட் வாங்கி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து. தரணி முன்னால் நிற்கிறேன். அவள் என்ன கேட்டாலும் பதில் சொல்கிறேன். பட்டன் மட்டும் நீ தைக்காதே, நான் தைத்துக்கொள்கிறேன்.

காலர் அளவு கேட்டாய். கேசியாவை டேப் பிடிக்கச் சொன்னேன். நான் இளைத்ததை நம்பாமல் இரண்டு முறை சுற்றிப் பார்த்தாள். பதினைந்து. அன்று போனை எடுத்துப் பேசியிருந்தால் பதினாறரை என்று சொல்லியிருப்பேன்.

உன் தம்பி,
பென்னி